தூக்குப் பட்டை எவ்வளவு தாங்கும்?

நம்முடைய துறைமுகங்களிலும் கப்பல் பட்டறைகளிலும், கட்டடங்கள் எழும்பும் இடங்களிலும் நாள்தோறும் பாரந்தூக்கிகள் இயங்குவதைக் காண்கிறோம். பல டன் எடையுள்ள இரும்பு உத்தரமோ கான்கிரீட் பலகையோ அந்தரத்தில் நகர்ந்து செல்லும்போது, அந்தப் பெரிய இயந்திரத்தின் ஆற்றலைத்தான் நாம் வியக்கிறோம். ஆனால் இயந்திரத்தின் கொக்கிக்கும் அந்தச் சுமைக்கும் இடையே இருப்பது, மூன்று நான்கு விரல் அகலமே உள்ள ஒரு நெய்த பட்டையாக இருக்கலாம். பாரந்தூக்கி 100 டன் தூக்க வல்லதாக இருக்கட்டும். 2 டன் பட்டையில் சுமையைக் கட்டினால், அந்த நேரத்தில் அது 2 டன் பாரந்தூக்கிதான். பட்டை அறுந்தால் கீழே நிற்பவருக்கு விலகி ஓட நேரம் இருக்காது.

வேலையிடத்தில் நாம் "பெல்ட்" என்று அழைக்கும் இந்தத் தூக்குப் பட்டை எவ்வளவு தாங்கும், எப்போது தாங்காது என்பதைப் பற்றி இன்றைய உரையில் காண்போம்.

முதலில், இந்தப் பட்டை எதனால் ஆனது? பெரும்பாலான பட்டைகள் பாலியெஸ்டர் இழையால் நெய்யப்படுகின்றன. 1941-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் உருவாக்கிய இழை இது. ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் பெருமையோடு உடுத்திய டெரிலின் சட்டையின் இழையும் இதுதான். நைலான், பாலிபுரோப்பிலின் ஆகிய இழைகளாலும் பட்டைகள் உண்டு. இரும்புச் சங்கிலியையும் கம்பிவடத்தையும் விட இவை எடை குறைந்தவை; தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறலாம். சாயம் பூசிய குழாயையும் பளபளப்பாகக் கடைந்த தண்டையும் கீறாமல் தூக்கலாம். அந்த மென்மையே இவற்றின் பலவீனமும் ஆகும். சங்கிலி பொறுத்துக்கொள்ளும் கூரிய விளிம்பையும் வெப்பத்தையும் துணி பொறுத்துக்கொள்ளாது.

ஒவ்வொரு பட்டையிலும் ஒரு லேபிள் தைக்கப்பட்டிருக்கும். அதில் எஸ்.டபிள்யூ.எல். அல்லது டபிள்யூ.எல்.எல். என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றின் அருகே ஓர் எண்ணும் இருக்கும். பட்டையை நேராகத் தொங்கவிட்டுத் தூக்கும்போது அதில் ஏற்றத்தக்க மிக அதிகமான சுமையை அந்த எண் குறிக்கிறது. பட்டை எந்த இழையால் ஆனது, அதன் நீளம் எவ்வளவு, செய்தவர் யார், எந்தத் தர அளவைப் பின்பற்றிச் செய்தார், அதன் அடையாள எண் என்ன என்பனவும் அங்கே இருக்க வேண்டும். ஐரோப்பிய தர அளவின்படி, பாலியெஸ்டர் பட்டையின் லேபிள் நீலமாகவும், நைலானுக்குப் பச்சையாகவும், பாலிபுரோப்பிலினுக்குப் பழுப்பாகவும் இருக்கும்.

பட்டையின் நிறமும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதே ஐரோப்பிய தர அளவில் ஊதா 1 டன். பச்சை 2 டன். மஞ்சள் 3 டன். சாம்பல் 4 டன். சிவப்பு 5 டன். பழுப்பு 6 டன். நீலம் 8 டன். ஆரஞ்சு 10 டன். இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பிச் சுமையைக் கட்டலாகாது. அமெரிக்க முறையில் செய்த பட்டைகளுக்கு இந்த நிறக் கணக்கு பொருந்தாது. பழைய பட்டையில் நிறம் வெளுத்தும் போயிருக்கும். நிறம் நினைவூட்டுவதற்கு மட்டுமே. முடிவு சொல்வது லேபிள். லேபிள் கிழிந்து போன பட்டை, எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், தாங்கும் அளவு தெரியாத பட்டையே ஆகும். அதை ஒதுக்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 1 டன் பட்டையில் ஒன்றரை டன் தூக்கிய போதும் அது அறுந்துவிடவில்லையே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஐரோப்பிய தர அளவின்படி செய்யப்படும் பட்டை, லேபிளில் உள்ள எண்ணைப் போல் ஏழு மடங்கு இழுவிசை வரையில் அறுபடக் கூடாது. அமெரிக்க முறையில் இது ஐந்து மடங்கு. இதைப் பாதுகாப்பு மடங்கு என்கிறோம்.

ஆனால் இந்த ஏழு மடங்கு புதிய பட்டைக்கு உரியது. பரிசோதனைச் சாலையில், மெதுவாக, நேராக இழுக்கும்போது கிடைப்பது. வேலையிடத்தில் பட்டை வெயிலில் காய்கிறது, மணலில் புரள்கிறது, கொக்கியில் மடிகிறது, சுமை காற்றில் ஆடுகிறது. தளர்ந்து கிடக்கும் பட்டையைப் பாரந்தூக்கி வெடுக்கென்று இழுக்கும்போது, சுமையின் எடையை விட மிகுந்த விசை ஒரு நொடி பட்டையைத் தாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேய்மானங்களுக்கும் அதிர்ச்சிகளுக்கும் ஈடுகொடுக்கத்தான் அந்தக் கூடுதல் வலிமை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை நாம் எடுத்துச் செலவழித்துவிட்டால், ஆபத்து வரும் நொடியில் கையிருப்பு இராது. மயிலிறகு இலேசானதுதான், ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருப்பதை நாம் அறிவோம். நேற்றுத் தாங்கியது என்பது இன்றும் தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

இனி, இன்றைய உரையின் மையக் கருத்துக்கு வருவோம். லேபிளில் உள்ள எண் நேராகத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. பட்டையைக் கட்டும் முறை மாறினால் அது தாங்கும் அளவும் மாறும்.

கட்டும் முறைகள் மூன்று. ஒரு முனை கொக்கியிலும் மறு முனை சுமையிலும் மாட்டப்பட்டு, பட்டை செங்குத்தாகத் தொங்குவது நேர்த் தூக்கு. இதில் லேபிளின் எண் அப்படியே பொருந்தும்.

பட்டையைச் சுமையைச் சுற்றி எடுத்து, ஒரு கண்ணுக்குள் மறு முனையை நுழைத்து இறுக்குவது சுருக்குத் தூக்கு. குழாய்க் கட்டுகளையும் மரக்கட்டைகளையும் இப்படித்தான் தூக்குகிறோம். சுருக்கு விழும் இடத்தில் பட்டை மடிந்து நெரிபடுவதால் அதன் வலிமை குறைகிறது. லேபிளின் எண்ணில் பத்தில் எட்டுப் பங்குதான் கணக்கு. 2 டன் பட்டை இங்கே 1.6 டன் பட்டை ஆகிவிடுகிறது.

மூன்றாவது, தொட்டில் தூக்கு. சேலையில் தொட்டில் கட்டுவதைப் போல, பட்டையைச் சுமைக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே கொக்கியில் மாட்டுவது இது. இரு பக்கமும் செங்குத்தாக நின்றால் சுமை இரண்டு பாதியாகப் பிரியும். ஆகவே 2 டன் பட்டை 4 டன் தாங்கும். ஆனால் பக்கங்கள் சாய்ந்து விரிய விரிய, இந்த நன்மை குறைந்துகொண்டே போகும்.

சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம்? வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதன் பிடியில் ஒரு கயிற்றைக் கோத்து, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ளுங்கள். இருவரும் நெருங்கி நின்றால் சுமை எளிதாக இருக்கும். ஓரடி ஓரடியாக விலகிச் செல்லுங்கள். வாளியில் ஒரு துளித் தண்ணீரும் கூடவில்லை. ஆனாலும் கை இழுபடும். கயிறு ஏறக்குறையப் படுக்கையாகும் அளவுக்கு விலகினால் இருவராலும் தாங்கவே முடியாது. இழுத்துக் கட்டிய துணிக்கொடியில் நனைந்த போர்வையைப் போட்டால் சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதும் இதனால்தான். வாளியின் எடையை மேல்நோக்கி இழுப்பதோடு, ஒருவரை ஒருவர் பக்கவாட்டிலும் இழுத்துக்கொள்கிறோம். அந்த வீண் இழுப்பையும் கயிறுதான் சுமக்க வேண்டும்.

இதை எண்களில் பார்ப்போம். 2 டன் எடையுள்ள சுமையை இரண்டு பட்டைகள் தூக்குகின்றன. பட்டைகள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 1 டன் விசை. செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 1.41 டன். 60 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 2 டன். அதாவது ஒவ்வொரு பட்டையும் முழுச் சுமையையும் தனியாகச் சுமப்பதற்குச் சமம். 75 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3.9 டன். சுமை கூடவில்லை, சாய்வுதான் கூடியது. ஆகவேதான் 60 பாகைக்கு மேல் பட்டையைச் சாய்த்துத் தூக்குவது எந்த நிலையிலும் கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொன்ன பாகை செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தது. அமெரிக்க அட்டவணைகளில் கிடைமட்டக் கோட்டிலிருந்து அளப்பார்கள். அட்டவணையைப் படிக்குமுன் எங்கிருந்து அளந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பட்டைகளைக் கொண்டு தூக்கும்போது, 45 பாகை வரையில் ஒரு பட்டையின் அளவை 1.4-ஆல் பெருக்க வேண்டும். 45-இலிருந்து 60 பாகை வரையில் 1-ஆல் பெருக்க வேண்டும். பச்சைப் பட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். "இரண்டும் இரண்டும் நாலு டன்" என்று வாய்க்கணக்குப் போடுவது எளிது. சரியான கணக்கோ வேறு. 45 பாகை வரையில் 2.8 டன், அதற்கு மேல் 60 பாகை வரையில் வெறும் 2 டன். அதே இரண்டு பட்டைகளையும் குழாய்க் கட்டில் சுருக்காகப் போட்டால், பத்தில் எட்டுப் பங்காக மீண்டும் குறைந்து, 45 பாகை வரையில் 2.24 டன்தான். 3 டன் குழாய்க் கட்டை அதில் மாட்டுகிறவர், தாம் ஒரு டன் மிச்சம் வைத்துத் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் முக்கால் டன் மீறிவிட்டார்.

நான்கு பட்டைகள் போட்டால் நான்கு மடங்கு தாங்குமா? அதுவும் இல்லை. சமமில்லாத தரையில் போட்ட நாற்காலி மூன்று கால்களில் நின்றுகொண்டு, நான்காவது கால் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பட்டைகளில் தொங்கும் சுமையும் அப்படித்தான். ஒரு பட்டை சற்று நீளமாக இருந்தாலும் அது தளர்ந்துவிடும். மற்றவை அதன் பங்கையும் சுமக்கும். ஆகவே நான்கையும் மூன்றாகவே கருதி, 45 பாகை வரையில் 2.1-ஆலும், 60 பாகை வரையில் 1.5-ஆலும் பெருக்குகிறார்கள். நான்கு பச்சைப் பட்டைகளின் அளவு 8 டன் அன்று, 4.2 டன்தான்.

சாய்வை அளக்க எல்லோரிடமும் கருவி இராது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. கொக்கியிலிருந்து சுமை வரை வரும் இரண்டு பட்டைகளின் நீளமும் சமமாக இருக்கட்டும். சுமையில் அவை மாட்டப்பட்டிருக்கும் இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் ஒரு பட்டையின் நீளத்துக்குச் சமமானால், மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமையும். சாய்வு 30 பாகை. அது நல்ல நிலை. தூரம் பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்கை எட்டினால் 60 பாகைக்கு வந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி, இன்னும் நீளமான பட்டைகளையோ, குறுக்கே போடும் தூக்கு உத்தரத்தையோ பயன்படுத்த வேண்டும். நீளமான பட்டை வேண்டும் என்பதற்காக இரண்டு பட்டைகளை முடிச்சுப் போட்டு இணைப்பது பெரும் தவறு. முடிச்சு விழுந்த இடத்தில் பட்டை தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

அடுத்த எதிரி கூரிய விளிம்பு. இரும்புத் தகட்டின் வெட்டிய ஓரம், உத்தரத்தின் விளிம்பு, கான்கிரீட் பலகையின் முனை ஆகியவை விசையோடு அழுத்தும் பட்டையைக் கத்தியைப் போல் அறுக்கும். விரலால் தடவிப் பார்த்து, "இது ஒன்றும் கூர்மையில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. விளிம்பின் வளைவு பட்டையின் தடிப்பை விடச் சிறியதாக இருந்தாலே அதைக் கூரிய விளிம்பாகக் கருத வேண்டும். அதற்கென்றே செய்த உறையையோ மூலைக் காப்பையோ போட்ட பிறகுதான் தூக்க வேண்டும். அட்டைப் பெட்டித் துண்டும் பழைய கந்தலும் சுமை நகரும்போது நழுவி விழுந்துவிடும்.

பட்டையின் நிலையையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தரையில் நீட்டி வைத்து, இரு பக்கமும் திருப்பி, கண் முதல் கண் வரை கையால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, தையல் பிரிவு, துளை, உருகிப் பளபளத்த இடம், வெல்டிங் தீப்பொறி பட்ட கருமை, விறைத்துப்போன இழை ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தப் பட்டையை நீக்கிவிட வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு வெட்டு என்று எண்ணலாகாது. பாரம் ஏறும்போது கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். நீக்கிய பட்டையை மூலையில் எறிந்தால் வேறொருவர் எடுத்துக் கட்டுவார். அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவதே முறை.

நமது நாடுகளின் வெயிலை மறந்துவிடலாகாது. நிலநடுக்கோட்டு வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இழைகளை மெல்ல மெல்ல நொறுங்கச் செய்கின்றன. வேலை முடிந்ததும் பட்டைகளை நிழலான, உலர்ந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். பாலியெஸ்டரும் நைலானும் 100 பாகை செல்சியஸ் வரையிலும், பாலிபுரோப்பிலின் 80 பாகை வரையிலும் மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. அமிலங்களைப் பாலியெஸ்டர் ஓரளவு தாங்கும். காரப் பொருள் அதைக் கெடுக்கும். நைலானுக்கு இது நேர்மாறு. நைலான் நனைந்தால் வலிமையும் சற்றுக் குறையும். கட்டுமான இடத்தில் ஒட்டும் ஈரச் சிமெண்ட் காரத்தன்மை உடையது. அதன் துகள்கள் இழைகளுக்குள் புகுந்து அறுக்கவும் செய்யும். ஆகவே பட்டையை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துவது அவசியம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். லாரியில் சரக்கைக் கட்ட உதவும் இறுக்குப் பெல்ட்டும் பார்ப்பதற்குத் தூக்குப் பட்டையைப் போலவே இருக்கும். அது கட்டுவதற்கு உரியது. தூக்குவதற்கு உரியது அன்று. துறைமுகத்துக்குச் சரக்கோடு கட்டியபடியே வந்து சேரும் சில பட்டைகள் ஒரே பயணத்துக்கு என்று செய்யப்பட்டவை. சரக்கை இறக்கியதும் அவற்றை அழித்துவிட வேண்டும்.

பட்டையின் கணக்கெல்லாம் சரியாக இருந்தும், சுமையின் எடை தெரியாவிட்டால் என்ன பயன்? எடையை ஊகிக்கக் கூடாது, கணக்கிட வேண்டும். ஒரு கன மீட்டர் எஃகு ஏறக்குறைய 7.85 டன், ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2.4 டன். 6 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுத் தகட்டின் எடை 1.4 டன்னுக்கு மேல். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 15 செண்டிமீட்டர் தடிப்பும் உள்ள கான்கிரீட் பலகையோ 2.16 டன். பார்வைக்கு மெலிந்த பலகைதான். ஆனால் ஒரு பச்சைப் பட்டையின் அளவை அது தாண்டிவிட்டது.

இவற்றையெல்லாம் தொழிலாளர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் அவரைத் தனியே விட்டுவிடவில்லை. சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், தூக்கு சாதனங்களை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்கின்றன. பாரந்தூக்கிகள் பற்றிய 2011-ஆம் ஆண்டின் விதிகள், சுமை தூக்குவதற்கு முன் தூக்குத் திட்டம் வேண்டும் என்று கூறுகின்றன. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் உள்ள தொழிலாளர், அதை முதலாளி நீக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அந்தத் திருத்தம் தருகிறது.

ஆயினும் சட்டப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது. பட்டை நம் கையில் இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர், "அண்ணே, இந்தப் பெல்ட்டில் லேபிளைக் காணோமே" என்று கேட்டால், "சும்மா மாட்டுப்பா, நேரமாகுது" என்று அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அவர் கேட்டதுதான் அந்த நாளின் மிகப் பயனுள்ள கேள்வி. வேறொரு பட்டை எடுத்து வரப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்தை வேலை தாங்கிக்கொள்ளும்.

சுமையைத் தூக்குமுன் ஐந்து கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். சுமையின் எடை எனக்குத் தெரியுமா? பட்டையில் லேபிள் இருக்கிறதா? எந்த முறையில் கட்டுகிறேன். அதற்கு எவ்வளவு குறைக்க வேண்டும்? பட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறது? விளிம்புக்குக் காப்புப் போட்டாயிற்றா? ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு, சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். சுமைக்கு அடியில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு மேலே தூக்கச் சொல்லிச் சைகை காட்டுங்கள்.